நிஷிவாகியின் தட்டு

உகாய் ஹிசாயோ புருஷனை விட்டு வந்ததற்குக் காரணம் ஒரு கால் நகம். அந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் நகம் வெட்டுவார். ஒரு நாள் ஒரு துண்டு பறந்து வந்து ஹிசாயோவின் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மிதக்குது பாரு" என்று சிரித்தார். அன்று சாயங்காலமே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அவருக்கு வேறு ஒரு தொடுப்பு இருந்தது என்று தெருவில் சொல்வார்கள். இருந்திருக்கலாம். ஆனால் தொடுப்பை அவள் எப்படியோ பொறுத்திருப்பாள் என்றும், நகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை என்றும் அவளை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஊறுகாய்க் கடையில் வேலை. கியோட்டோவில் ஊறுகாய் என்றால் முள்ளங்கியும் கத்தரியும் பீப்பாயில் உப்போடு அழுந்திக் கிடக்கும். தினமும் கை விட்டுப் புரட்ட வேண்டும். அதில் அவளுக்குக் கஷ்டமில்லை. கடை முதலாளி குச்சியால் ஒரு துண்டு எடுத்து ருசி பார்ப்பார். வாயில் வைத்த அதே குச்சியை மறுபடி பீப்பாயில் விடுவார். ஹிசாயோ சில வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் கடிக்கப் பல் இல்லாமல் போய்விடும் என்று பயந்து வெளியே வந்துவிட்டாள்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் உள்ள ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களுக்குத் தீனி போடும் வேலை கிடைத்தபோது, சொர்க்கத்துக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தாள். அங்கே கதவைத் தொட்டாலும் கையில் சாராயம் தெளிக்கிறார்கள், நாற்காலியைத் தொட்டாலும் தெளிக்கிறார்கள். முகமூடி, கையுறை, தலைக்குத் தொப்பி. ஒருத்தர் முகமும் முழுசாகத் தெரியாது. இதைவிட என்ன வேண்டும்?

முதல் வாரத்திலேயே அந்தச் சொர்க்கம் நாறியது. நரம்பு செல்கள் வெறும் தட்டில் ஒட்டாதாம். எலியின் கட்டியிலிருந்து எடுத்த ஒரு கோழையைத் தட்டில் தடவி, அதன் மேல்தான் வளர்க்க வேண்டும். அது போதாதென்று எலிக்குஞ்சின் மூளையிலிருந்து வேறு செல்களை எடுத்துத் துணைக்கு விட வேண்டும். இதைக் கேட்ட அன்று அவள் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

ஆனாலும் நிலைத்துவிட்டாள். அந்தச் செல்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. பேசாது, சிரிக்காது, நகம் வெட்டாது. ரோஸ் நிறத் தீனித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். மாற்றாவிட்டால் மஞ்சளாகப் போய், அழுக்கு விட்டு, செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும், புது வருஷத்தன்றும் போக வேண்டும். வீட்டில் காத்திருக்க யாருமில்லாத பெண்ணுக்கு அது ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை.

வேலை முடிந்ததும் நேராகத் தெருமுனைப் பொதுக்குளியலுக்குப் போய்விடுவாள். பெரிய வெந்நீர்த் தொட்டி. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டு தெருக்கதை பேசுகிற இடம். பக்கத்தில் உட்காருகிறவள் துணிக்கடை தோமிகோ.

"அப்போ நீ மூளைய வளக்குற," என்றாள் தோமிகோ ஒரு நாள்.

"மூளை இல்லடி. மூளையில இருக்கிற நரம்பு செல்லு. புள்ளைங்ககிட்ட ரத்தம் கொஞ்சம் எடுப்பாங்க. அந்தச் செல்லுக்கு, தான் யாருங்கறதே மறந்து போற மாதிரி ஏதோ பண்ணுவாங்க. வயித்துக்குள்ள இருக்கிற கரு மாதிரி ஆயிடும். அப்புறம் நரம்பா மாறுடா கண்ணான்னு மாசக்கணக்கா தாஜா பண்ணணும்."

"எங்க வீட்டுக்காரருக்கு தான் யாருன்னு மறந்து ரொம்ப நாளாச்சு. அவரையும் ஏதாவது உருப்படியா மாத்த முடியுமா?"

"பழைய சாமானுக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது."

சுற்றியிருந்த பெண்கள் தண்ணீர் அலம்பச் சிரித்தார்கள்.

"எதுக்கு இவ்ளோ பாடு?"

"எல்லாம் வலிப்பு வர்ற புள்ளைங்க. உள்ள என்ன நடக்குதுன்னு மண்டையத் தொறந்தா பாக்க முடியும்? அதான் தட்டுல வளத்துப் பாக்குறது. தட்டுக்கு அடியில பொடிப்பொடியா கம்பி இருக்கு. செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுனா திரையில கோடு துள்ளும். நல்ல செல்லு அளவாப் பேசும். இந்தப் புள்ளைங்க செல்லுல அடக்கறதுக்குன்னு இருக்கிற செல்லு மட்டும் சோப்ளாங்கி. சூடு கொஞ்சம் ஏறிச்சுன்னா எல்லாம் சேந்து கத்த ஆரம்பிச்சுடும். புள்ளைங்களுக்கும் அப்படித்தான், காய்ச்சல் வந்தாலும் வலிப்பு வரும். வெந்நீர்ல உக்காந்தாலும் வரும்."

"வெந்நீர்லயா?"

"ஆமா. குளியலே கிடையாது. ஆறின தண்ணியில துண்டை நனைச்சுத் துடைக்கிறதோட சரி."

அந்த ஊரில் குழந்தை பிறந்தால் அப்பன் முதலில் கற்றுக்கொள்வது அதை மார்பில் சாத்தியபடி வெந்நீரில் இறங்குவதைத்தான். தோமிகோ தன் கழுத்துவரை இருந்த தண்ணீரைப் பார்த்தாள். ஏதோ திருடியதைக் கையில் வைத்திருப்பவள் போல மெல்ல எழுந்து வெளியேறினாள்.

இப்போது நிஷிவாகிக்கு வருவோம். வராமல் முடியாது.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பெரியவர் பேராசிரியர் தோகுரா. அவர் பேசுவதில் முக்கால்வாசி "ஹ்ம்". அந்த "ஹ்ம்" சரி என்றும் ஆகும், வேண்டாம் என்றும் ஆகும். பிற்பாடு எது சௌகரியமோ அது ஆகும். அவருக்கு அடுத்தவர் நிஷிவாகி. தடித்த மனிதர், கெட்டிக்காரர், கிழக்கே மித்தோக்காரர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் காலையில் நாத்தோ இல்லாமல் விடியாது. புளிக்க வைத்த சோயா. குச்சியால் கிளறினால் சளி மாதிரி நூல் நூலாக இழுக்கும். அழுக்குக் காலுறை நாற்றம். கியோட்டோக்காரர்கள் அதன் பெயர் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹிசாயோவைச் சொல்லவே வேண்டாம். நிஷிவாகி பேசும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு நூல் நீளுகிறதா என்று பார்ப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சில நாள் நீளும்.

செல் வளர்க்கும் அறைக்குள் நுழைகிறவர்கள் அன்று நாத்தோ தின்னக் கூடாது. சாராயம் காய்ச்சும் கூடங்களில் இருக்கிற அதே கட்டுப்பாடுதான். சோயாவைப் புளிக்க வைக்கிற அந்தக் கிருமி கெட்டியானது. தெளிக்கிற எந்தத் திரவத்துக்கும் சாகாது. நிஷிவாகியும் தலையாட்டுவார், "தெரியும், தெரியும்" என்பார். ஆனால் வாய் வேறு விதமாக மணக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வலிப்புக் குழந்தைகளின் செல்லை ஒப்பிட்டுப் பார்க்க, வலிப்பே வராத ஒருத்தருடைய செல்லும் வேண்டுமே? அது யாருடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. தட்டில் எண் மட்டும் இருக்கும். ஆனால் கூட்டுகிற பெண்வரை எல்லாருக்கும் தெரியும், அது நிஷிவாகியின் செல். அவரே குடித்துவிட்டுச் சொல்லிச் சிரிப்பார். "உகாய் சான், நம்ம பசங்க எப்படி இருக்காங்க?" என்று, ஹிசாயோவை மரியாதையாகக் குடும்பப் பெயரில் கூப்பிட்டு, தினமும் விசாரிப்பார். அந்தப் பசங்களுக்கும் அவள்தான் தீனி போட வேண்டும். அவை கொழுகொழு என்று வளர்ந்தன. சூடு ஏற்றினாலும் அலட்டிக்கொள்ளாமல் அளவாகத் துள்ளின.

ஆனி மழைக்காலம் வந்தது. வடக்கே கடற்கரை ஊரான மைசுருவிலிருந்து இதானி சிஸுரு என்ற பெண் வருவதாக ஏற்பாடு. அவள் மகன் கெய்த்தோவுக்கு ஆறு வயது. அவன் ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள் முன்வருஷத்திலிருந்து இந்தக் கூடத்தில் இருந்தன. அந்தத் தாய் ஒரே ஒன்றுதான் கேட்டிருந்தாள், அவனுடைய செல்லை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். வசந்தத்தில் அவனுக்குப் புது மருந்து ஆரம்பித்திருந்தார்கள். வலிப்பு குறைந்திருந்தது. அந்த மருந்தை அவன் தட்டிலும் விட்டுப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வருகிற அன்று காலையில் ஹிசாயோ, செல் தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் அடைப்பெட்டியைத் திறந்தாள். கெய்த்தோவின் தட்டுகள் எல்லாம் சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கிக் கிடந்தன. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோயிருக்க வேண்டாம். எங்கே முகர்ந்தாலும் அடையாளம் தெரிகிற நாற்றம். முந்தின நாள் அந்தத் தட்டுகளுக்கு மருந்து விட்டவர் நிஷிவாகி. யாரும் எதையும் பார்க்கவில்லைதான். ஆனால் கியோட்டோவில் அந்தக் கட்டடத்தில் காலையில் நாத்தோ தின்ன வேறு ஆள் கிடையாது.

"ஐயையோ," என்றார் நிஷிவாகி, எட்டிப் பார்த்துவிட்டு. "மழைக்காலம் பாருங்க."

"மழை இல்ல சென்செய், இது காலைச் சாப்பாடு."

அந்த ஊரில் ஆசிரியரையும் டாக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவது. மரியாதையான சொல். அன்றைக்கு அதைச் சொல்லவே அவளுக்கு நாக்கு கூசியது.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தம்மா ரெண்டு ரயில் மாறி வர்றாங்க. இந்த அழுகலைக் காட்டினா எவ்ளோ மரியாதைக் குறைவு! மனசு ஒடிஞ்சுடாது? நம்ம பசங்களுக்கும் அதே மருந்து விட்டிருக்கோம் இல்ல? அந்தத் தட்டை எடுத்து வெச்சிடலாம். பாத்துட்டு சந்தோஷமாப் போகட்டும். என்ன சொல்றீங்க?" என்று பேராசிரியரைப் பார்த்தார்.

"ஹ்ம்," என்றார் தோகுரா.

கெய்த்தோவின் தட்டுகளில் ப்ளீச் ஊற்றிக் குப்பைப் பையில் கட்டியது ஹிசாயோதான். நிஷிவாகியின் தட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்ததும் அவள்தான். சும்மா அவளை நல்லவளாக்கிவிட வேண்டாம். விருந்தாளியின் முகம் சுண்டக் கூடாது என்பது அவளுக்கும் அம்மா வயிற்றிலேயே ஊட்டப்பட்டது.

இதானி சிஸுரு கைக்குட்டையால் குடைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மெலிந்த பெண்; தூக்கம் பார்க்காத கண்கள். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள். பயற்றுப் பூரணம் வைத்த அரிசி உருண்டை, ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில். "ஒண்ணும் பெருசா இல்ல," என்று குனிந்தாள். இவர்களும் குனிந்தார்கள். ஒருத்தரை விட ஒருத்தர் தாழக் குனிந்து முடிப்பதற்குள் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"கெய்த்தோ," என்றாள் மெதுவாக. "அம்மா வந்திருக்கேன்டா. நல்லா சாப்பிடுறியா?"

ஹிசாயோ சுவரைப் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த நிஷிவாகி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கவா வெட்கப்பட்டா என்று சொல்ல முடியாது.

"கொடி மாதிரி எப்படி நீண்டிருக்கு! அவனும் இப்படித்தான், ஒல்லியா நீளமா..." அவள் நிமிர்ந்து ஹிசாயோவைப் பார்த்தாள். "நீங்கதான் தினமும் பாத்துக்கறீங்களா?"

"நல்லா வளந்திருக்காரு," என்றாள் ஹிசாயோ. வாயிலிருந்து அதுதான் வந்தது.

திரையில் கோடுகள் சீராகத் துள்ளிக்கொண்டிருந்தன. சிஸுரு திடீரென்று கேட்டாள். "இதை... சூடு பண்ணிப் பாக்கலாமா? குளிக்கிற தண்ணி அளவுக்கு?"

தட்டுக்குச் சூடு ஏற்ற விசை அங்கேயே இருந்தது. விருந்தாளி கேட்டதை மறுப்பது எப்படி? நிஷிவாகி திருகினார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நிஷிவாகியின் செல்கள், அவரைப் போலவே, எதைப் பற்றியும் கவலைப்படாமல் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் ஆகல," என்றாள் சிஸுரு. "மருந்துதானே? மருந்து போட்டதாலதானே?"

"அது... மருந்தும் போட்டிருக்கு... ஆனா ஆராய்ச்சின்னு பாத்தா, இன்னும் ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாத கட்டம்... பல கோணத்துல யோசிக்க வேண்டியிருக்கு..."

நிஷிவாகி "இல்லை" என்பதை அப்படித்தான் சொன்னார். அந்த ஊரில் எல்லாரும் இல்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பெரிய சாதனையைச் செய்தவர்களும் தன்னடக்கமாக அதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள். அந்தத் தாய் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். கண்ணீரோடு நெற்றி முழங்காலில் படுகிற அளவுக்குக் குனிந்து நன்றி சொன்னாள்.

நடைக்கூடத்தில் ஹிசாயோ அவளுடன் வாசல்வரை போனாள்.

"ஞாயித்துக்கிழமை கினோசாக்கி போறோம்," என்றாள் சிஸுரு. "வெந்நீர் ஊற்று விடுதி. எங்க வீட்டுக்காரர் பேச்சுக்குத்தான் இடம் பிடிச்சு வெச்சார். டாக்டர் இப்போதைக்கு வேண்டாம்னாரு, நானும் வேண்டாம்னுதான் இருந்தேன். இப்போ கண்ணால பாத்துட்டேன் இல்ல? அவனை அவங்கப்பா மடியில உக்கார வெச்சு ஒரு தடவை... கழுத்துவரைக்கும்..."

முடிக்க முடியாமல் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

ஹிசாயோ திரும்பி ஓடி வந்தபோது நிஷிவாகி இனிப்புப் பெட்டியைத் திறந்து நான்காவது உருண்டையைத் தாளிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார். பூரணம் கட்டை விரலில் ஒட்டியிருந்தது.

"சென்செய், அந்தம்மா பையனை வெந்நீர்ல இறக்கப் போறாங்க. ஞாயித்துக்கிழமை."

பேராசிரியர் டீயைக் கீழே வைத்தார். "ஹ்ம். இப்பப் போய்ச் சொன்னா அவங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கும். அவங்க டாக்டர் மூலமா, சமயம் பாத்து, ஜாடையா..."

"தொட்டிக்குள்ளயே வலிப்பு வந்தா ஜாடையா மூழ்குவானா?"

"உகாய் சான், கோவப்படாதீங்க," என்றார் நிஷிவாகி. "நம்மளா குளிக்கச் சொன்னோம்? உறுதியாச் சொல்ல முடியாதுன்னு தெளிவாத்தானே சொன்னேன். ஒண்ணு எடுத்துக்குங்க, அருமையா இருக்கு." கட்டை விரலை வாய்க்குள் முழுசாக விட்டுச் சப்பினார். வெளியே வந்த விரலுக்கும் உதட்டுக்கும் நடுவில் மெல்லியதாக ஒரு நூல்.

ஹிசாயோ ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். சூப்பில் மிதந்த நகத்தைப் பார்த்துக்கூட இவ்வளவு அருவருப்பு வரவில்லை. விரலைப் பார்த்து வந்த அருவருப்பு இல்லை அது. 'நல்லா வளந்திருக்காரு' என்று அவள் வாயால் சொன்னது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மேலங்கியைக் கழற்றாமலே வெளியே ஓடினாள்.

ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில் சிஸுரு நின்றிருந்தாள். நனைந்து மூச்சு வாங்க வந்தவளைப் பார்த்து, "ஏதாவது மறந்து வெச்சுட்டேனா?" என்றாள்.

"அது வந்து... குளியல் விஷயம்... கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லதோன்னு... பல கோணத்துல..."

"உங்களுக்கு எவ்ளோ அக்கறை!" என்று சிஸுரு குனிந்தாள்.

ஹிசாயோவுக்குத் தன் வாய் மேலேயே வெறுப்பு வந்தது. பஸ் வந்து கொண்டிருந்தது.

"நீங்க பாத்தது உங்க பையனோட செல் இல்ல," என்றாள்.

"என்னது?"

"அது நிஷிவாகியோடது. அந்தத் தடியாளு. வலிப்பே கிடையாது அவருக்கு, கொதிக்கிற தண்ணியில போட்டாலும் ஆடாது. மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எங்க யாருக்கும் தெரியாது. தண்ணியில இறக்காதீங்க."

பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. சிஸுருவின் முகம் முதலில் சிரித்தபடியே இருந்தது, கழற்ற மறந்துபோன மாதிரி.

"நான்... அந்த ஆளையா கெய்த்தோன்னு கூப்பிட்டேன்?"

"ஆமா."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அவரு சாப்பிட்டுட்டாரு," என்றாள் ஹிசாயோ. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிஸுரு கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தாள். மறுபடி மறுபடி, உதடு சிவக்கும்வரை. "என் பையனோடது எங்க?"

"கெட்டுப்போச்சு. இன்னிக்குக் காலையில. ப்ளீச் ஊத்திக் குப்பையில போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நான்தான். அந்தத் தட்டைக் கொண்டாந்து வெச்சதும் நான்தான்."

இனி அழுவாள், இல்லை அறைவாள் என்று ஹிசாயோ எதிர்பார்த்தாள். சிஸுரு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். கினோசாக்கி விடுதியைக் கூப்பிட்டு, தொந்தரவுக்கு ரொம்ப ரொம்ப மன்னிக்கணும் என்று இனிமையான குரலில் ஞாயிற்றுக்கிழமை அறையை ரத்து செய்தாள். கண்ணுக்குத் தெரியாத விடுதிக்காரருக்கு மழையில் குனிந்தாள். ஃபோனை உள்ளே வைத்தாள்.

"மறுபடி வளக்க முடியுமா?"

"உறைய வெச்சது இருக்கு. மாசக்கணக்குல ஆகும்."

"வளருங்க. வளந்ததும் கூப்பிடுங்க. ஆடுச்சுன்னா ஆடுறதைக் காட்டணும். எனக்கு அழகா எதுவும் காட்ட வேண்டாம். வீட்டுல ஆடுறதைத்தானே தினமும் பாக்குறேன்? எனக்கென்ன புதுசா?" பிறகு அதே குரலில், "என் இனிப்பைத் திருப்பிக் குடுங்க," என்றாள்.

ஹிசாயோவுக்கு முதலில் புரியவில்லை. கொடுத்த இனிப்பைத் திருப்பிக் கேட்ட ஆளை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பெற்ற தாயைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தாலும் இவ்வளவு கூசியிருக்காது.

"நான் இங்கயே நிக்கிறேன்," என்றாள் சிஸுரு.

ஹிசாயோ உள்ளே போனாள். நிஷிவாகியின் கைக்கடியிலிருந்து பெட்டியை உருவினாள். "என்ன, யாருக்கு?" என்றார் அவர், வாய் நிறைய. "சொந்தக்காரங்க கேக்குறாங்க," என்றாள். பேராசிரியர் தோகுராவிடமிருந்து, பல வருஷத்தில் முதல் தடவையாக, "ஹ்ம்" கூட வரவில்லை.

பாதி காலியான பெட்டியைச் சிஸுரு வாங்கிக்கொண்டாள். குனியவில்லை. வீசி எறிய இடம் தேடினாள். பஸ் நிறுத்தத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. அந்த ஊரில் எங்கேயுமே கிடையாது, அவரவர் குப்பை அவரவர் வீட்டுக்கு. அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அன்று ஹிசாயோ பொதுக்குளியலுக்குப் போகவில்லை. மறுநாள் போனபோது தோமிகோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊருக்கு அது தெரிந்தது அப்படித்தான்.

அவளை வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. உறைந்து கிடந்த கெய்த்தோவின் செல்லை எடுத்துக் கரைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் தட்டுகளுக்குத் தனி அடைப்பெட்டி. சாவி அவள் இடுப்பில்.

நிஷிவாகியின் தட்டுக்கும் அவள்தான் தீனி போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமே. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறக்கிறாள். உள்ளே அவை கொழுகொழு என்று, ஒரு குறையும் இல்லாமல், நன்றாகத்தான் இருக்கின்றன.